லாரி ஏறும் செயின் வண்டி
சம்பா அறுவடை நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் போனால், நெல் அறுக்கும் செயின் வண்டியை லாரியில் ஏற்றுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சேற்றில் சுகமாக ஓடும் அந்த ரப்பர் பட்டைக்குத் தார் ரோடு ஆகாது. அதை ஏற்ற லாரியில் பலகை சாய்ப்பதற்கு முன்பே பட்டையில் அப்பிய களிமண்ணைக் கம்பியால் சுரண்டிவிடுகிறார்கள், ஈரமண் வழுக்கும். ஓரமாக நின்று வழிகாட்டுபவர் வாயே திறப்பதில்லை, விரல்தான் பேசுகிறது. இரும்புப் பலகை முனக, வண்டி அங்குலம் அங்குலமாக ஏறுகிறது.

உச்சியில்தான் வித்தை. மூக்கு வானத்தைப் பார்த்திருக்க, கனம் முன்னால் சாயும் அந்த ஒரு கணம்! கைப்பழக்கம் இல்லாதவர் ‘தொம்’மென்று போடுவார், தேர்ந்தவர் தொட்டில் பிள்ளையைப்போல இறக்குவார். பிறகு வண்டி நகராமலிருக்கக் கட்டை, குறுக்குச் சங்கிலி. லாரி கொஞ்ச தூரம் போனதும் இறங்கி, சங்கிலியை மறுபடி இழுத்துப் பார்ப்பவரே எனக்குப் பிடித்த டிரைவர்.