பூட்டிய அறையும் புற்று மூடிய ஏடும்: ‘ரோசாவின் பெயர்’, திருமுறைகண்ட புராணம் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

சமய நிறுவனங்கள் நூல்களைக் காத்தும் இருக்கின்றன, மறைத்தும் இருக்கின்றன. பல வேளைகளில் இவ்விரு செயல்களையும் ஒரே கை ஒரே திறவுகோலைக் கொண்டு செய்திருக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோசாவின் பெயர்’ என்னும் புதினம் இதனைத் துப்பறியும் கதையாக்கிக் காட்டுகிறது. தமிழில் இதே பொருள் புராண வடிவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பேசப்பட்டுள்ளது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக மரபு கூறும் திருமுறைகண்ட புராணமே அது. அறிவு பூட்டப்படுவது எதனால், அப்பூட்டின் விளைவு யாது என்னும் இரு வினாக்களை இவ்விரு நூல்களின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவற்றிடையே காலப் பொருத்தம் ஒன்றும் உண்டு. புதினத்தின் நிகழ்ச்சிகள் 1327ஆம் ஆண்டு நவம்பரில், வட இத்தாலியில் பெனடிக்டு சபையைச் சார்ந்த துறவுமடம் ஒன்றில், ஏழு நாள்களில் நடைபெறுகின்றன. உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்தின் காலத்தைச் சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313, என அந்நூலிலேயே குறித்துள்ளார். எனவே எக்கோ படைத்த துறவியரும் தில்லை உமாபதியாரும் ஏறத்தாழ ஒரே காலத்தவராகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது ஈண்டுக் கருத்தன்று. ஒரே சிக்கலை இரு மரபுகள் எதிர்கொண்ட முறையே நம் ஆய்வுக்குரியது.

1. மடத்து நூலகம்

எக்கோவின் மடத்தில் நூலகம் வழிமயக்கும் அறைகளால் ஆனது. அதன் வழிகளை நூலகர் ஒருவரே அறிவார். எந்த நூலை எவர் படிக்கலாம் என்பதும் அவர் முடிவாகும். ஆயினும் உண்மையான அதிகாரம் பார்வை இழந்த முதிய துறவி ஜார்ஜிடம் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் கவிதையியலில் நகைச்சுவை பற்றிய இரண்டாம் பகுதி உலகிற்குக் கிடைக்காது போனது. அதன் படி ஒன்று இம்மடத்தில் எஞ்சியிருந்ததாக எக்கோ புனைகிறார். அப்படியின் தாள்களில் நஞ்சு தடவப்பட்டிருக்கிறது. விரலை நாவில் தொட்டுத் தாள் புரட்டியவர் மடிகின்றனர்.

ஜார்ஜ் அஞ்சுவது சிரிப்பை அன்று என்பதை நுணுகி நோக்க வேண்டும். உழவர் திருவிழாக்களில் சிரிப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. மெய்யியலாரின் தலைவராக மதிக்கப்பெறும் அரிஸ்டாட்டில் சிரிப்புக்கு நூல்வழித் தகுதி அளித்துவிடுவார் என்பதே அவர் அச்சம். சிரிப்பு கலையாகவும் கல்வியாகவும் உயருமாயின் மக்களிடம் அச்சம் நீங்கும். அச்சம் நீங்கினால் சமய அதிகாரம் தளரும். எனவே நூலின் கருத்தைக் காட்டிலும் அக்கருத்தைச் சொன்னவரின் பெயரே இங்கு ஆபத்தாகிறது.

ஜார்ஜ் அந்நூலை உடனே எரித்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அழிக்க மனமின்றி நஞ்சிட்டு வைக்கிறார். நூலை வெறுப்பவருள்ளும் நூலைப் போற்றும் ஒருவர் ஒளிந்திருக்கிறார். இறுதியில் அவரே அதைக் கிழித்துத் தின்கிறார். தீப்பற்றி நூலகம் முழுதும் அழிகிறது. ஒரு நூலை மறைக்க எடுத்த முயற்சி எல்லா நூல்களையும் விலையாகக் கொண்டது.

2. தில்லை அறை

திருமுறைகண்ட புராணத்தின் கதை சைவ உலகம் நன்கறிந்ததே. மூவர் பதிகங்களில் சிலவற்றைக் கேட்டு உருகிய சோழ மன்னன் எஞ்சியவற்றைத் தேடுகிறான். இவன் எந்தச் சோழன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, பொல்லாப் பிள்ளையாரின் அருளால், ஏடுகள் தில்லைக் கோயிலில் மூவரின் கை அடையாளமிட்ட அறையில் உள்ளன என்று அறிவிக்கிறார். மூவரும் வந்தாலன்றி அறையைத் திறக்க இயலாது என்கின்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையின் முன் நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து எடுத்தவற்றுள் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. இக்காலத்திற்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்தோம் என அசரீரி எழுகிறது.

இக்கதையின் நடுவே உள்ளது ஒரு வாதம். ஏடுகளை எழுதியோரே வர வேண்டும் என்னும் நிபந்தனை நிறைவேற்ற இயலாதது என்று தெரிந்தே விதிக்கப்பட்டது. மன்னன் வாளால் விடையிறுக்கவில்லை. திருவுருவத்தில் இறைவன் உறைகிறான் என்பது கோயில் வழிபாட்டின் அடிப்படை. அவ்வடிப்படையை ஏற்றோர் மூவர் திருவுருவங்களை மூவரல்லர் என்று மறுத்தல் இயலாது. அதிகாரத்தை அதன் கொள்கையைக் கொண்டே இணங்கச் செய்த இத்திறம், எக்கோவின் துப்பறியும் துறவி வில்லியமின் தருக்கத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

3. இழப்பும் பொறுப்பும்

இரு நூல்களும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. எக்கோ குற்றவாளியைப் பெயர் சுட்டிக் காட்டுகிறார். புராணம் அவ்வாறு செய்வதில்லை. அசரீரி எழுந்தவுடன் இழப்பு அருளாக மாறிவிடுகிறது. அறையைப் பூட்டியவர் யார், திறவாதிருந்தவர் யார் என்னும் வினாவுக்கு இடமில்லாது போகிறது. பூட்டுக்குரிய காரணமும் வேறு. ஜார்ஜ் அச்சத்தால் மறைத்தார். தில்லையில் போற்றுதலே பூட்டாயிற்று. ஆயினும் ஏட்டுக்கு நேர்ந்தது ஒன்றே.

எனினும் புராண ஆசிரியர் உண்மையை முழுதும் மூடவில்லை. சம்பந்தர் பதிகங்கள் 16,000, அப்பர் பதிகங்கள் 49,000, சுந்தரர் பதிகங்கள் 38,000 என்னும் எண்ணிக்கையை அவர் தருகிறார். இன்று நமக்குக் கிடைப்பவை மூவருக்கும் சேர்த்து எண்ணூறுக்கும் குறைவு. இப்பேரெண்கள் வரலாற்றுக் கணக்காகா. ஆயினும் இழப்பின் அளவை இவ்வளவு பெரிதாக்கிச் சொல்லும் நூலில் ஆறுதலோடு ஒரு முறையீடும் அடங்கியுள்ளது. உமாபதியார் தில்லை மூவாயிரவருள் ஒருவர் என்றும், மறைஞானசம்பந்தரைக் குருவாக ஏற்றமையால் அச்சமூகத்தால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்றும் மரபு கூறும். பூட்டிய கதவின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் அறிந்தவர் சொன்ன கதையாக இதனைக் கொள்ளின் அம்முறையீட்டின் பொருள் விளங்கும்.

4. அறைக்கு வெளியே வாழ்ந்தவை

கல்வெட்டுச் சான்றுகள் வேறொரு படத்தை அளிக்கின்றன. பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் 48 பேரை நியமித்தான். ஓதுவோர் நாவில் பதிகங்கள் வழங்கிவந்தன என்பது இவற்றால் தெளிவாகும். புராணமும் இதற்கு ஒருவாறு இடமளிக்கிறது: ஏடு கிடைத்தும் பண் கிடைக்கவில்லை, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே பண் வகுத்தாள் என்கிறது. ஏட்டில் இல்லாததைப் பாணர் குடி காத்திருந்தது. ஏட்டுத் தொகுப்பில் இடம்பெறாத சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் பின்னாளில் கல்வெட்டிலிருந்தே கிடைத்தது.

மாற்றுச் சமயத்தாரும் நூல்களைக் காத்துள்ளனர். பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி. மறுப்பதற்காக அதன் உரை எடுத்தாண்ட பகுதிகள் குண்டலகேசியை ஓரளவேனும் நாம் அறியத் துணைபுரிகின்றன. ஜார்ஜ் அரிஸ்டாட்டிலை மறுத்து ஒரு நூல் எழுதியிருப்பின் அந்நூல் வழியாகவேனும் சிரிப்பின் இலக்கணம் எஞ்சியிருக்கும். மறுத்தவர் காத்தனர், மறைத்தவர் இழந்தனர்.

முடிவுரை

மைசூரில் இருந்து இதனை எழுதுகையில் இரு செய்திகள் நினைவுக்கு வருகின்றன. 1891இல் இங்கு நிறுவப்பெற்ற கீழைக்கலை நூலகத்திற்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்து ஏட்டில்தான் ஆர். சாமசாத்திரி கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தை 1905இல் கண்டறிந்தார். 1909இல் அது அச்சேறியது. ஒருவர் தம் ஏட்டைக் கைவிட்டுக் கொடுத்தமையால் ஒரு நூல் உலகிற்கு மீண்டது. மற்றொன்று, இந்தியத் தொல்லியல் துறையின் மைசூர்க் கல்வெட்டுப் பிரிவில் நெடுங்காலம் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் இட்ட ஆணை. திறவுகோல் எவ்வூரில் இருப்பது என்னும் வினா முறையானதே. அதனினும் முதன்மையானது, திறவுகோல் இல்லாதவரும் படிக்குமாறு படிகள் பெருக வேண்டும் என்பது. நூலைக் காப்பது படியெடுப்போர் கையும் பாடுவோர் நாவும் மறுப்போர் எழுத்துமேயாகும். தில்லை அறையின் புற்றும் எக்கோவின் மடத்துத் தீயும் உணர்த்தும் பாடம் இதுவே.