படத்தில் விழாத அடிப்புறம்

2022 கோடையில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் ஆயிரக்கணக்கான சிலந்தி நண்டுகள் ஆழமற்ற நீரில் திரண்டன. பழைய ஓட்டைக் கழற்றும் பருவத்தில் இப்படிக் கூட்டமாகச் சேர்வது அவற்றின் இயல்பு. குளிக்க வந்தவர்கள் படமெடுத்தார்கள். அவை நஞ்சுள்ளவை என்று சில செய்திகள் எழுதின. அவற்றுக்கு நஞ்சே கிடையாது.

இப்படி ஒரு தவறு நேர்ந்ததால் மட்டும், படத்தை வைத்து இனம் காணும் வழக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள், எந்த நண்டு எந்தக் கரையில் எந்த மாதம் தென்படுகிறது என்ற விவரத்தைப் பொதுமக்களைக் கொண்டே திரட்டுகின்றன. பிடிக்காமல் படம் மட்டும் எடுப்பதால் நண்டும் உயிரோடு தப்புகிறது. வடகடல்களில் வாழும் ஹையாஸ் அரானியஸ் என்ற சிலந்தி நண்டின் ஓட்டு விளிம்பில் பெரிய முட்கள் வரிசையாக இருப்பதில்லை. மேலிருந்து எடுத்த ஒரே படம் போதும், அதைக் கார்ன்வாலில் திரண்ட முள் சிலந்தி நண்டிலிருந்து பிரித்துவிடலாம். ஆனால் பல சிலந்தி நண்டுகள் முதுகிலுள்ள கொக்கி மயிர்களில் பாசியையும் கடற்பஞ்சையும் மாட்டிக்கொள்கின்றன. அப்போது முள்ளும் மறைந்துபோகும்.

உண்மையான சிக்கல் முள் சிலந்தி நண்டுகளின் மாஜா பேரினத்தில் இருக்கிறது. இயற்கையியலாளர் ஹெர்ப்ஸ்ட் 1788இல் விவரித்த மாஜா ஸ்குவினாடோ என்ற பெயரிலேயே மத்தியதரைக் கடல் நண்டும் அட்லாண்டிக் நண்டும் நெடுங்காலம் அழைக்கப்பட்டன. 1998இல் ஆய்வாளர் நாய்மன் உடலமைப்பை ஒப்பிட்டு அட்லாண்டிக் நண்டைத் தனி இனமாகப் பிரித்தார். அதன் பெயர் மாஜா பிராக்கிடாக்டைலா. பின்னர் மரபணு ஆய்வும் அதையே உறுதிசெய்தது. ஆணின் இனப்பெருக்கக் கால் போன்ற நுண்ணிய அடையாளங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கின்றன. கரையில் நின்று எடுக்கும் படத்தில் அவை விழுவதில்லை.

அதனால் படம் பார்ப்பவர் இடத்தைப் பார்க்கிறார். கார்ன்வால் என்றால் பிராக்கிடாக்டைலா, அட்ரியாட்டிக் என்றால் ஸ்குவினாடோ. பெரும்பாலும் இது சரியாகவே இருக்கும். ஆனாலும் ஆபத்து இங்கேதான். பரவல் வரைபடத்தைப் பார்த்துப் பெயரிட்டு, அந்தப் பெயரை அதே வரைபடத்துக்குச் சான்றாக்கினால், இடம் மாறி வந்த ஒரு நண்டு கண்ணில் படவே படாது. இது வெறும் கற்பனைக் கவலை அன்று. அட்லாண்டிக்கில் பிடித்த நண்டுகள் உயிரோடு ஸ்பெயின் சந்தைகளுக்குப் போகின்றன; அங்கிருந்து தப்பி மத்தியதரைக் கடலில் சேரவும் கூடும். மேற்கு மத்தியதரைக் கடலிலோ ஸ்குவினாடோ அருகிவிட்டது. வனவுயிர்களைக் காக்கும் பெர்ன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருப்பதும் அதுதான். எதைக் காக்கிறோம் என்று தெரியாமல் எப்படிக் காப்பது? ஐநேச்சுரலிஸ்டில் இருவர் ஒத்துச் சொன்னால் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிடுகிறது. இருவருமே வரைபடத்தைத்தான் பார்த்திருந்தால் அந்த ஒப்புதலுக்கு என்ன மதிப்பு?

மத்தியதரைக் கடலில் மாஜா கிறிஸ்பேட்டா என்ற சிறிய நண்டும் உண்டு; ஸ்குவினாடோவின் குஞ்சு என்று அதைத் தவறாக நினைத்துவிடலாம். அடிப்புறப் படம் ஒன்று இருந்தால் தெளிவு கிடைக்கும்: சிறிய உடலிலேயே வயிற்று மடல் அகன்று முட்டை சுமந்திருந்தால் அது குஞ்சாக இருக்க முடியாது.

ஆகவே, கடலோரம் படமெடுப்பவர்கள் முதுகு, முகம், விளிம்பு முட்கள் மூன்றையும் அளவுகோலோடு எடுக்க வேண்டும். ஒதுங்கிய ஓடோ இறந்த நண்டோ கிடைத்தால் புரட்டி அடிப்புறத்தையும் எடுங்கள். அடையாளம் தெரியாவிட்டால் 'மாஜா' என்று பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள்.