வீடும் வியங்கோளும்: ஆரம்பப் பிரிவு மேல்வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக் கற்றற் செயற்பாடுகள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் பற்றி நம்மிடையே அவ்வப்போது எழும் விவாதங்கள் பெரும்பாலும் பாடல், கதை, நாடகம் என்னும் மூன்று வகைகளோடு நின்றுவிடுகின்றன. ஆயின், ஒன்பது பத்து வயதுப் பிள்ளை நாள்தோறும் கையிலெடுக்கும் எழுத்து இம்மூன்றுள் எதுவுமன்று. அப்பியாசக் கொப்பியிலே ஆசிரியர் எழுதிவிடும் வீட்டுவேலை, பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் வரும் செயற்பாடு, தனியார் வெளியிடும் பயிற்சிநூல், மாதிரி வினாத்தாள் ஆகியனவே அதன் அன்றாட வாசிப்பு. 'எழுதுக', 'வரைக', 'பெரியோரிடம் கேட்டறிக' என முடியும் இச்சிறு வாக்கியங்களை இலக்கியத் திறனாய்வாளர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. கல்வியியலாளர் அவற்றின் பயனை அளக்கின்றனரேயன்றி மொழியை நோக்குவதில்லை. மொழியை நோக்குவோராகிய நாமோ இவற்றை நோக்குதற்குரிய எழுத்தாகவே கருதுவதில்லை. நான்காம், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்கு விதிக்கப்படும் வீட்டுக் கற்றற் செயற்பாடுகளை ஒரு பிரதியாகக் கொண்டு, அப்பிரதி யாருடைய வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றது என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டிற் கற்றல் புதியதொன்றன்று. திண்ணைப் பள்ளிக்கூட மாணாக்கன் மணலிலும் ஏட்டிலும் எழுதிப் பழகியதை வீட்டிலிருந்து உருப்போட்டான். எண்சுவடியும் நிகண்டும் அவ்வாறே மனத்திற் பதிந்தன. 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் எழுதிய பாலபாடங்கள் வாசிப்பையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே புகட்டின. அவற்றின் மாணாக்கனுடைய வீடு சைவ ஆசாரம் பேணும் வீடாகவே அமைந்தது. அக்கல்வியின் வரம்பு யாவரும் அறிந்ததே. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், பாடசாலையிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்கவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு யாழ்ப்பாணத்திலே கிளம்பிய எதிர்ப்பு, எவருடைய வீடு கல்விக்குரிய வீடாகக் கருதப்பட்டது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது.

1945ஆம் ஆண்டிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இவ்வரம்பை உடைக்க முனைந்தது. 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்களும் இலவசமாக வழங்கப்பட்டன. வகுப்பறையும் ஆசிரியரும் நூலும் பொதுவுடைமையாயின. இது சாதாரண மக்கள் பெற்ற பேறுகளுள் தலையாயது. எனினும் ஒன்று மட்டும் தனியுடைமையாகவே எஞ்சியது. அதுதான் பிள்ளை மாலையிலே திரும்பிச் செல்லும் வீடு. பாடசாலை முடியுமிடத்திலே இலவசக் கல்வியும் முடிந்துவிடுகின்றது. வீட்டுவேலை தொடங்குமிடத்திலே பழைய ஏற்றத்தாழ்வு மீண்டும் தலைதூக்குகின்றது.

1990களின் இறுதியிலே மேற்கொள்ளப்பட்டு, 1999இல் முதலாந் தரத்திலே நாடெங்கும் தொடங்கப்பெற்ற ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் செயற்பாட்டை மையமாகக் கொண்டது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடத்தின் பெயரே அதன் நோக்கைப் புலப்படுத்தும். உருப்போடுதலை விடுத்து, பிள்ளை தன் சூழலைக் கண்டும் கேட்டும் அளந்தும் அறியவேண்டும் என்னும் இக்கொள்கை முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆயின் மேல்வகுப்பை எட்டியதும் அதனோடு முரண்படும் இன்னொரு சக்தி குறுக்கிடுகின்றது. வறிய, திறமையுள்ள பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் வாயிலைத் திறக்கும் பொருட்டு 1940களிலே மத்திய பாடசாலைகளோடு இணைந்து தோன்றிய புலமைப்பரிசில் பரீட்சை, காலப்போக்கிலே பிரபல பாடசாலைகளின் இடங்களுக்கான போட்டியாக மாறிற்று. வறியோருக்கென எழுந்த ஏணியிலே வசதியுள்ளோர் முந்தி ஏறுகின்றனர். இதன் விளைவாக, ஐந்தாந் தரப் பிள்ளையின் வீடு இருவகை ஏவல்களுக்கு ஆட்படுகின்றது. ஒன்று 'உன் சூழலைப் பார்' என்கின்றது. மற்றையது 'வினாத்தாளைப் பார்' என்கின்றது. இரண்டும் ஒரே வினைமுடிபினாற் பேசுகின்றன என்பது மனங்கொளத்தக்கது.

இவ்விடத்திலே இலக்கணம் நமக்கு உதவுகின்றது. ஏவல் வினை முன்னிலையானைக் கண்முன் நிறுத்திப் பேசுவது. 'நீ எழுது' என்று சொல்லும் ஆசிரியருக்குத் தம் முன்னே நிற்பவர் யார், அவர் கையிலே எழுதுகோல் உண்டா என்பன தெரியும். வியங்கோளோ, நன்னூலார் வகுத்தவாறு, மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவானது. கேட்போர் கண்முன் நிற்கவேண்டிய கட்டாயம் அதற்கில்லை. நாடு முழுவதற்கும் ஒரே நூலை அச்சிடும் அமைப்புக்கு இதனிலும் பொருத்தமான வினைமுடிபு கிடைத்தலரிது. ஆனால் இலக்கணத்தின் இப்பொதுமை ஒரு சமூக மயக்கத்தைத் தோற்றுவிக்கின்றது. 'வரைக' என்னும் வினை எல்லார்க்கும் பொது. வரைதற்கு வேண்டிய தாளும் வண்ணமும் மேசையும் ஒளியும் எல்லார்க்கும் பொதுவல்ல. வினையின் பொதுமை பொருளின் பொதுமையின்மையை மறைக்கின்றது. கருத்தியல் தொழிற்படும் முறைக்கு இதனை எளிய சான்றாகக் கொள்ளலாம்.

வழக்கிலுள்ள சில செயற்பாட்டு வகைகளை நோக்குவோம். வீட்டின் அறைகளை வரைந்து பெயரிடுதல். வீட்டுத்தோட்டத்துச் செடியொன்றின் வளர்ச்சியை வாரந்தோறும் அளத்தல். பழைய பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டுதல். தாய் தந்தையரிடம் கேட்டு ஊரின் வரலாற்றை எழுதுதல். தம்மளவில் இவை யாவும் நல்லனவே. ஆயின் மலையகத்து லயன் ஒன்றிலே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவேயான அறையிலே, பெற்றோரோடும் பாட்டனாரோடும் உறங்கி எழும் பிள்ளை எத்தனை அறைகளுக்குப் பெயரிடும்? பத்திரிகை வாங்கும் வீட்டிலேதான் வெட்டுதற்குப் பழைய பத்திரிகை இருக்கும். சுவரின் வெடிப்பை மறைக்க ஒட்டப்பட்டிருக்கும் பத்திரிகையைக் கத்தரித்தல் இயலாது. தன் வீட்டை வரையுமாறு பணிக்கப்பட்ட பிள்ளை, பாடநூலிலே உள்ள ஓட்டு வீட்டையும் வேலியையும் பூச்சாடியையும் வரைந்து வருவதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். அப்பிள்ளை பொய் சொல்லவில்லை. பிரதி கேட்ட வீட்டையே அது கொடுத்தது. தன் வீடு வரைதற்குரியதன்று என்னும் பாடத்தை அது பிழையறக் கற்றுக்கொண்டது. எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத அப்பாடமே நீண்டகாலம் நிலைப்பது.

2020 மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை மறைக்கவியலாததாயிற்று. கல்வி முழுவதுமே வீட்டுச் செயற்பாடாக மாறிற்று. தொலைக்காட்சிப் பாடங்களும் கைத்தொலைபேசிக் குழுக்களும் ஆசிரியரின் இடத்தைப் பிடித்தன. 2021ஆம் ஆண்டுக்குரிய புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியிலேயே நடைபெற்றது. மலைப்பாங்கான கிராமங்களிலே தொலைபேசி அலை கிடைக்குமிடம் தேடிப் பிள்ளைகள் குன்றேறிய செய்திகள் அந்நாட்களில் வெளிவந்தன. அவ்வாறு குன்றேறியோருட் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் அடங்குவர் என்பதை நாம் மறத்தலாகாது. இது தமிழருக்கு மட்டுமே உரிய குறையாகச் சுருக்கப்படத்தக்கதன்று. வர்க்கம் சார்ந்த பிரச்சினை. ஒரு வீட்டிலே ஒரு தொலைபேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குச் செல்வது என்னும் நிலை, பிள்ளையின் மொழியையோ மதத்தையோ கேட்டு வருவதன்று.

வசதியுள்ள வீட்டையும் இவ்விடத்திலே நோக்குதல் தகும். அங்கே செயற்பாட்டைச் செய்பவர் யார்? பல இடங்களிலே தாயார். அலுவலகத்திலிருந்து திரும்பிச் சமைத்து முடித்தபின், ஒட்டுப்படங்களை வெட்டுபவரும் மாதிரி வினாத்தாளைத் திருத்துபவரும் அவரே. கூலியற்ற இவ்வுழைப்பு 'பெற்றோர் பங்களிப்பு' என்னும் இனிய பெயரைப் பெறுகின்றது. அரசு செய்யவேண்டிய பணியின் ஒரு பகுதி குடும்பத்தின்மீதும், குடும்பத்துள்ளே பெண்ணின்மீதும் சுமத்தப்படுகின்றது. சுமக்க இயலாத இடத்திலே தனியார் போதனை விலைக்கு வருகின்றது. வறிய வீட்டிலோ சுமக்கவும் வாங்கவும் இயலாது. ஆங்கே செயற்பாடு செய்யப்படாமற் கிடக்கின்றது. மறுநாட் காலையிலே அப்பிள்ளை பெறும் பெயர் 'அக்கறையற்ற பிள்ளை' என்பது.

சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கி (1896–1934) பிள்ளையின் வளர்ச்சியை அது தனித்துச் செய்யக்கூடியதைக் கொண்டு மட்டும் அளத்தலாகாது என்றார். தன்னிலும் தேர்ந்த ஒருவரின் துணையோடு அது செய்யக்கூடியதே நாளைய வளர்ச்சியைக் காட்டும் என்பது அவர் கொள்கை. நம் செயற்பாட்டு நூல்கள் இக்கருத்தை மறைமுகமாக ஏற்றே 'பெரியோரின் உதவியுடன்' என்னும் தொடரைக் கையாள்கின்றன. ஆயின் தேர்ந்தவர் எனப்படுபவர் எதிலே தேர்ந்தவர் என்னும் வினா எழுகின்றது. எழுத்தறிவிலே தேர்ந்தவர் என்று மட்டும் பொருள்கொண்டால், உழைக்கும் மக்களின் வீடு வெற்றிடமாகின்றது. உழைப்பிலே தேர்ந்தவர் என்று பொருள்கொண்டால் அவ்வீடு நிரம்பி வழிகின்றது.

நம் சிறுவர் பாடல்களுள் இதற்கொரு முன்மாதிரி உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாடல் தலைமுறைகளாகப் பிள்ளைகள் நாவிலே நின்று நிலவுவது. கூழும் கொழுக்கட்டையும் ஆக்கப்படும் முறையை அப்பாடல் பொருள் பொருளாகவும் படிப்படியாகவும் காட்டுகின்றது. பிள்ளை அறியாத பொருள் எதுவும் அதிலே இல்லை. எனினும் அறிந்த பொருள்கள் ஒழுங்கு பெற்று ஓர் ஆக்கமுறையாக விரிகின்றன. வீட்டின் உழைப்பே பாடமாகின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்கார வீட்டையே அது தன் உலகமாகக் கொண்டது, நிலம் யாருடையது என்று அது வினவவில்லை என்பன உண்மையே. எனினும், பிள்ளையின் வீட்டுக்குள்ளிருந்து புறப்பட்ட எழுத்து என்னும் வகையிலே, வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் இன்றைய வியங்கோளினின்றும் அது வேறுபட்டு நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளியான தாயாரின் சம்பளச் சிட்டையை எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தின் நிறை, வேலை செய்த நாள்கள், குறித்த அளவு பறிக்காத நாளிலே விழும் 'அரைப்பேர்', பெற்ற முற்பணம், ஊழியர் சேமலாப நிதிக்கென நூறு ரூபாவுக்கு எட்டு ரூபா வீதம் கழிக்கப்படுவது, அதே நிதிக்கு நிர்வாகம் செலுத்தவேண்டிய பன்னிரண்டு ரூபா எனக் கூட்டல், கழித்தல், பெருக்கல், பின்னம் யாவும் அச்சிட்டையிலே உள. எழுதத் தெரியாத தாயாரும் நிறுவையிலே எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதைச் சொல்ல வல்லவர். பிள்ளை எழுத்தை வாசிக்க, தாயார் பொருளை விளக்க, இருவரும் சேர்ந்து ஒரு கணக்கைச் செய்வராயின், அங்கே உதவுபவர் யார், உதவப்படுபவர் யார் எனப் பிரித்தல் அரிது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேய்ரே வலியுறுத்திய உரையாடற் கல்வி இத்தகையதே.

இதற்கு எழக்கூடிய மறுப்பை நாம் எளிதிலே புறக்கணித்தலாகாது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழுந்துக் கணக்கையும் மீனவப் பிள்ளைக்கு வலைக் கணக்கையும் கொடுத்தால், அப்பிள்ளைகளைத் தத்தம் தோட்டத்திலும் கரையிலும் கட்டிப்போடுவதாகாதா? இது வலிமையான மறுப்பு. தொழிலுக்கேற்ற கல்வி சனநாயகத் தோற்றம் கொண்டிருப்பினும் வர்க்க வேறுபாட்டை நிலைநிறுத்தவே பயன்படும் என்று இத்தாலிய மார்க்சிய அறிஞர் கிராம்சி எச்சரித்துள்ளார். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டம் தோட்டங்களிலே பாடசாலை அமைக்கும் கடமையை நிர்வாகங்கள்மீது சுமத்தியது; அங்கே வழங்கப்பட்ட கல்வியோ பன்னெடுங்காலம் மிகச் சுருங்கியதாகவே இருந்தது. அவ்வரலாற்றை அறிந்தோர் இம்மறுப்பின் நியாயத்தை உணர்வர். ஆகவே சம்பளச் சிட்டை பாடத்தின் தொடக்கமாகலாமேயன்றி முடிவாகலாகாது. சிட்டையிலே தொடங்கிய பிள்ளை விகிதத்துக்கும், விலைக்கும், தேயிலை விற்பனையாகும் தொலைநாட்டுச் சந்தைக்கும், அங்கிருந்து உலகப்படத்துக்கும் செல்லவேண்டும். கொழும்பிலே வாழும் பிள்ளையும் அதே சிட்டையை வாசித்தல் வேண்டும். தான் அருந்தும் தேநீரின் கணக்கு அதற்கும் உரியதே. ஒரு வர்க்கத்தின் வீடு மட்டும் எல்லார்க்கும் பாடமாகும் நிலை மாறி, எல்லார் வீடும் எல்லார்க்கும் பாடமாதலே நாம் வேண்டுவது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில அளவுகோல்கள் பெறப்படுகின்றன. வீட்டுச் செயற்பாடு எதுவாயினும், பாடசாலை கொடுக்கும் பொருள்களைக் கொண்டே செய்து முடிக்கத்தக்கதாதல் வேண்டும். அதற்கு மேற்பட்டது எதுவும் மறைமுகக் கட்டணமே. வீட்டிலே வளர்ந்தோரின் உதவி வேண்டப்படுமாயின், அவ்வுதவி எழுத்தறிவை மட்டும் சார்ந்திருத்தலாகாது. ஒவ்வொரு செயற்பாட்டையும் எழுதுபவர், லயன் அறையிலும் மீனவக் குடிசையிலும் மாடி வீட்டிலும் அதனை வைத்துப் பார்த்தபின்னரே அச்சுக்கு அனுப்புதல் வேண்டும். பாடசாலை முடிந்தபின் வகுப்பறைகள் பூட்டிக்கிடக்கும் ஊர்களிலே, அவற்றையே மாலைநேரப் பொதுவீடாகத் திறந்துவைத்தல் இவையெல்லாவற்றிலும் பயனுடையது. இவற்றுட் பல ஆசிரியர் தனித்துச் செய்யத்தக்கனவல்ல; ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பெற்றோரும் இணைந்து கோரவேண்டியவை.

திறனாய்வாளருக்கும் இதிலே கடமையுண்டு. நாவலிலே வரும் வீட்டை வர்க்கப் பார்வையோடு ஆராயும் நாம், பிள்ளையின் கொப்பியிலே வரும் வீட்டை ஆராயாது விடுவதற்கு நியாயமில்லை. 'உமது வீட்டை வரைக' என்னும் மூன்று சொல் வாக்கியத்தை, தன் வீட்டையே வரையத் தயங்காத பிள்ளையொன்று வாசிக்கும் நாளிலேதான் இலவசக் கல்வி வகுப்பறையைத் தாண்டி வீட்டையும் எட்டியதாகக் கொள்ளலாம்.