காடும் மலையும்: டர்ன்புல்லின் இரு நூல்கள்

மானிடவியல் நூல் எதுவாயினும் அதில் இரு சாரார் காணப்படுவர். எழுதப்பட்ட மக்கள் ஒரு சாரார். எழுதிய ஆசிரியர் மற்றொரு சாரார். இவ்வேறுபாட்டை உணராது படிப்போர், ஆசிரியரின் மனநிலையையே ஓர் இனத்தின் இயல்பாகக் கொண்டுவிடுதல் கூடும். காலின் டர்ன்புல் 1961இல் வெளியிட்ட ‘தி பாரஸ்ட் பீப்பிள்’, 1972இல் வெளியிட்ட ‘தி மவுண்டன் பீப்பிள்’ ஆகிய இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு இவ்வுண்மை தெற்றெனப் புலனாகும்.

டர்ன்புல் 1924இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்திய மெய்யியல் கற்றார். 1951இல் காங்கோ நாட்டு இட்டூரிக் காட்டில் வாழும் இம்புட்டி என்னும் குள்ள உருவினரைக் கண்டார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் அவர்களோடு உடனுறைந்து பெற்ற பட்டறிவே முதல் நூலாக மலர்ந்தது.

காட்டின் இனிமை

இம்புட்டியர்க்குக் காடே தாயும் தந்தையும் ஆகும். துன்பம் நேர்ந்தால், காடு உறங்கிவிட்டது என்பர். அதனை எழுப்பி மகிழ்விக்க இரவுதோறும் பாடுவர். மொலிமோ எனப்படும் இவ்விழாவைப் பற்றிய பகுதிகள் நூலின் உயிர்நாடி எனலாம். கெங்கே என்னும் இளைஞர் முதன்முறையாக வெட்டவெளியைக் கண்டபோது, தொலைவில் மேய்ந்த காட்டெருமைகளைப் பூச்சிகள் என்று எண்ணிய செய்தியும் படிப்பார் நெஞ்சைவிட்டு அகலாது.

செபு என்பவரின் கதை இன்னும் ஆழமானது. கூட்டு வேட்டையில் மற்றவர் வலைகளுக்கு முன்னே தம் வலையைக் கட்டி அவர் வஞ்சித்தார். ஊரார் கூடி எள்ளி நகையாடினர். அவரிடமிருந்த இறைச்சியையும் எடுத்துக்கொண்டனர். ஆயினும் அன்றிரவே அவர் வீட்டுக்கு ஒருவர் உணவு கொண்டு சென்றார்; செபுவும் வந்து எல்லாருடனும் பாடினார். நடுவர் இல்லை, சிறை இல்லை, எனினும் அறம் நிலைபெறுகிறது. அதனைத் தம் கூற்றாக விளக்காமல் நிகழ்ச்சியாகவே காட்டியது ஆசிரியரின் திறம்.

குறையும் உண்டு. காட்டோரத்தில் பயிரிட்டு வாழும் சிற்றூர் மக்களை அவர் இம்புட்டியரின் கண்கொண்டே பார்க்கிறார். அவர்கள் காட்டுக்கு அஞ்சுவோராகவும் மந்திரத்தில் மயங்குவோராகவும் மட்டுமே தோன்றுகின்றனர். அன்பு மிகுந்தவிடத்து நடுநிலை சற்றே சாய்ந்தது. ஆயின் அச்சாய்வினால் எவர்க்கும் பெருந்தீங்கு விளையவில்லை.

மலையின் கொடுமை

இரண்டாம் நூல் அத்தகையதன்று. வடகிழக்கு உகாண்டாவில் வாழும் ஈக் மக்களிடையே 1965, 1966ஆம் ஆண்டுகளில், கடும்பஞ்சத்தின்போது, டர்ன்புல் தங்கினார். மூன்று வயதுக் குழந்தைகள் வீட்டினின்று வெளியேற்றப்படுகின்றனர். முதியோர் தடுக்கி வீழ்ந்தால் பிறர் நகைக்கின்றனர். அடுபா என்னும் சிறுமியைப் பெற்றோரே குடிசையில் அடைத்துச் சாகவிட்டனர். இவற்றைப் படிப்போர் உள்ளம் நடுங்கும். இவ்வெறுப்பு தம்மையும் பற்றிக்கொண்டதை ஆசிரியர் மறைக்கவில்லை. அந்நேர்மை பாராட்டுதற்குரியதே.

ஆனால் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. ஈக் மக்களிடம் அன்பு என்பதே அழிந்தது என்று முடிவு கட்டினார். மேலும், அவர்களைப் பிடித்து, வயதும் உறவும் பாராது பத்துப் பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிரித்து, தொலைவான இடங்களில் குடியேற்ற வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார். ஓரினத்தை இல்லாமற் செய்வதற்கு ஆய்வுநூல் துணைநிற்பதா? பிரெட்ரிக் பார்த் என்னும் மானிடவியல் அறிஞர் 1974இல் இந்நூலை வன்மையாகக் கண்டித்ததில் வியப்பில்லை.

அம்முடிபின் அடிப்படையும் உறுதியானதன்று. ஈக் மொழியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் பெர்ண்ட் ஹைனே, 1985இல் எழுதிய கட்டுரையில் மூன்று குறைகளை எடுத்துக்காட்டினார். டர்ன்புல்லுக்கு அம்மொழியில் போதிய பயிற்சியில்லை. அவருக்குச் செய்தி கூறியோருள் ஈக் இனத்தார் அல்லாதாரும் இருந்தனர். வேட்டையை இழந்து கெட்டவர் என அவர் எழுதிய மக்கள் நெடுங்காலமாகவே உழவர். கேத்ரின் டவுன்செண்ட் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஈக் மக்கள் பிறரைப் போன்றே பகிர்ந்துண்ணும் இயல்பினர் என்று காட்டியது. சிதறடிக்கப்படாமல் அவர்கள் இன்றும் தம் மலையில் வாழ்கின்றனர்.

பசி பற்றிய தெளிவு

பசி நாணையும் குடிப்பெருமையையும் கெடுக்கும் என்பது மணிமேகலை கற்றார் அறிந்ததே. சாத்தனார் பாவி என்றது பசியை; பசித்தவரையன்று. டர்ன்புல் தவறிய இடம் இதுவே. பஞ்சத்தில் கண்டதைப் பண்பு என்றார். ஈராண்டில் கண்டதை என்றும் உள்ளது என்றார். வளமுள்ள காட்டில் பாடியவரையும் வறண்ட மலையில் பட்டினி கிடந்தவரையும் ஒரே கோலால் அளத்தல் முறையாகாது.

எனினும் இவ்விரு நூல்களும் ஒதுக்கத்தக்கன அல்ல. முதல் நூலை மாணவர்க்குத் தயங்காமல் தரலாம். இரண்டாம் நூலை ஹைனேயின் மறுப்போடு சேர்த்தே தருதல் வேண்டும். ஒரு மக்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கும்போது, எழுதியவர் அவர்தம் மொழியை அறிந்தவரா, யாரிடம் கேட்டார், எந்தக் காலத்தில் கண்டார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கம் மாணவர்க்கு வாய்க்குமாயின், அதுவே இந்நூல்களால் பெறும் பெரும்பயன் ஆகும்.