அளவெடுப்பவர் யார்?

மாணவர் அனைவரும் ஒரே அச்சில் அறுத்த செங்கற்கள் அல்லர். ஒருவனுக்குக் கணக்கு கரும்பு. அடுத்த பெஞ்சில் அமர்ந்திருப்பவனுக்கு அதுவே வேம்பு. ஒருத்திக்குக் கட்டுரை கைவந்த கலை. அவள் தோழிக்கோ விரல்களின் திறமே பேச்சு. இத்தனை வேறுபாடுகளையும் ஒரே வினாத்தாளின் முன், 35 மதிப்பெண் என்னும் ஒற்றைக் கோட்டின் முன் நிறுத்தி, "நீ தேறினாய், நீ தேறவில்லை" என்று தீர்ப்பளிப்பது முறைதானா? பள்ளிப் படிப்பை முடித்தவர் என்று சான்று தருவதற்கான தகுதியை, மாணவர்தம் இயல்புக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றியமைத்தால் என்ன?

கல்வியாளர் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். குழந்தையைப் பாடத்துக்காக வெட்டாதே, பாடத்தைக் குழந்தைக்காக வளை என்பதைப் பகுத்தறிவாளர் எவரும் மறுக்கார். ஆயினும் தமிழ்நாட்டில் இக்கேள்வி புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு தழும்பும் உண்டு. ஆகவே நாம் தலையாட்டுமுன் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். ஆளுக்கேற்ற சட்டை தைக்கப் போகிறீர்கள், சரி. அளவெடுப்பவர் யார்? எந்த வயதில் அளவெடுக்கப் போகிறீர்கள்? பிள்ளை வளர்ந்தபின் வேறு சட்டை தைத்துக்கொள்ள விடுவீர்களா?

தழும்பு எதுவென்று இளைய தோழர்கள் அறியவேண்டும். 1952இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரான ஆச்சாரியார் இராஜாஜி, 1953ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத்திட்டத்தைப் புகுத்தினார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருங்கிற்று. எஞ்சிய பொழுதில் பிள்ளை என்ன செய்யும்? தந்தையின் தொழிலைக் கற்கும்! சூழலுக்கேற்ற கல்வி, கைத்தொழிலுக்கு மதிப்பு, இடநெருக்கடிக்குத் தீர்வு என்றெல்லாம் அதற்கு அழகழகான விளக்கங்கள் தரப்பட்டன. சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி, முடிதிருத்துவோர் மகனுக்குக் கத்தரி, தோட்டி மகனுக்குத் துடைப்பம் என்பதுதான் அவ்விளக்கங்களின் உட்பொருள் என்பதைப் பெரியார் உடனே கண்டார். "குலக் கல்வித் திட்டம்" என்ற பெயர் நாட்டில் நிலைத்தது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ந்தெழுந்தன. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த திங்களே திட்டம் புதைக்கப்பட்டது.

அந்தத் திட்டமும் "ஆளுக்கேற்ற கல்வி"தான் என்பதை மறக்கலாகாது. அங்கே அளவெடுத்தது குழந்தையின் அறிவையா, ஆர்வத்தையா? இல்லை, அப்பனின் தொழிலை. எந்த வயதில்? ஆறு வயதில். மாற்றிக்கொள்ள வழி? மூன்று மணிப் படிப்போடு வளர்ந்த பிள்ளை, ஐந்து மணிப் படிப்போடு வளர்ந்த நகரத்துப் பிள்ளையோடு எந்தத் தேர்வில் நின்று வெல்லும்?

வியப்பு என்னவெனில், அதே 1953இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, பாண்டு கல்விச் சட்டம் என்றொரு சட்டத்தை இயற்றிற்று. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளைத் தனியே பிரித்து, அவர்களுக்கு "ஏற்ற" பாடம் தனியே வகுத்தது. கடல் கடந்த இரு நாடுகள், ஒரே ஆண்டு, ஒரே வாதம். அங்கே தோலின் நிறம் அளவுகோலாயிற்று. இங்கே குலம் அளவுகோலாயிற்று. ஏற்றத்தாழ்வு மிகுந்த சமுதாயத்தில் "அவரவர்க்கு ஏற்றது" என்ற சொல்லை யாரேனும் இனிமையாக உச்சரித்தால், நாம் காதைக் கூர்மையாக்கிக் கொள்வது இதனால்தான்.

இனி இன்றைய நிலையைக் கல்பாக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1971இல் அணு உலை ஆய்வு மையம் தொடங்கிய பின்னும், 1980களில் சென்னை அணுமின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய பின்னும், அவ்வூர் அறிவியலின் தலைவாசல்களுள் ஒன்றாயிற்று. நகரியத்துக்குள் அணுசக்தி மத்தியப் பள்ளி உண்டு. கேந்திரிய வித்யாலயா உண்டு. இரண்டும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழி நடப்பவை. நகரியத்தை விட்டு வெளியேறினால் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், உய்யாலிக்குப்பம், வடக்கே கொக்கிலமேடு. கட்டுமரம் தள்ளியோரும் கூலிக்குக் களையெடுத்தோரும் வாழும் ஊர்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள்.

இப்போது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மத்திய வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு நிலைகளாக்கிற்று. பாடம் ஒன்றே, வினாத்தாள் இரண்டு. மேல்வகுப்பில் கணக்கை எடுக்க விரும்புவோர்க்குக் கடினமான தாள். விரும்பாதோர்க்கு எளிய தாள். எளிய தாள் எழுதிய பின் மனம் மாறினால், துணைத் தேர்வில் கடினத் தாளை எழுதிக்கொள்ளவும் வழி வைத்தனர். பின்னர் அந்த விதியும் தளர்ந்தது. பொறியாளர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு நலமே பயக்கும். எதை எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று இரவு உணவின்போதே வீட்டில் பேசி முடிவு செய்வார்கள். அவன் செய்வது தெரிவு.

அதே ஏற்பாட்டை, வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த பிள்ளையிடம் நீட்டிப் பாருங்கள். பதினான்கு வயதில், "எளிய தாளே உனக்குப் போதும்" என்று ஆசிரியர் சொன்னால் போதும். அப்பிள்ளைக்கு மறுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. பள்ளியில் வழிகாட்டி இல்லை. அங்கே அது தெரிவாகாது, ஒதுக்கமாகும். விருந்தில் இரண்டு பந்தி போட்டால், எந்தப் பந்தியில் யார் உட்காருவார் என்பதை இலை தீர்மானிப்பதில்லை, ஊர் தீர்மானிக்கிறது.

2020 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையை இந்த நோக்கிலேயே படிக்கவேண்டும். நெகிழ்ச்சி, தெரிவு, பாடப்பிரிவுகளுக்கு இடையே சுவரின்மை என்று நல்ல சொற்கள் அதில் நிரம்பக் கிடக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. கணக்கில் தொடங்கிப் பாடங்களை இருநிலையாக்கலாம் என்கிறது. பொதுத் தேர்வை ஆண்டுக்கு இருமுறை எழுதலாம் என்கிறது. பத்தாம் வகுப்போடு வெளியேறிப் பின்னர் உள்ளே வரலாம் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, புத்தகப் பையின்றிப் பத்து நாள் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் சென்று தொழில் பழகலாம் என்றும் சொல்கிறது.

இவற்றுள் தீயது எது என்பீர்கள். காகிதத்தில் எதுவுமில்லை! ஆண்டுக்கு இருமுறைத் தேர்வை நாமும் வரவேற்போம். ஆனால் நகரியத்துப் பிள்ளை பத்து நாள் வலை பின்னிப் பார்த்தால் அது அனுபவம். புகைப்படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். குப்பத்துப் பிள்ளை பத்து நாள் வலை பின்னினால், பதினோராம் நாள் பள்ளிக்குத் திரும்புமா என்பதே கேள்வி. பத்தாம் வகுப்போடு வெளியேறும் வழி அகலமானது. வறுமை பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வரும் வழியோ குறுகலானது. வயிறு முன்னாலிருந்து தடுக்கும். வெளியேறும் உரிமையை எழுதியவர்கள், திரும்பி வருவோர்க்கு உதவித் தொகையும் விடுதியும் எங்கே என்பதை அதே மையால் எழுதியிருக்க வேண்டாமா?

இதைவிடப் பெரிய முரண்பாடு ஒன்றுண்டு. பள்ளிக்குள் ஆளுக்கொரு பாதை என்று பேசுகிற அதே கை, கல்லூரி வாசலில் நாடு முழுமைக்கும் ஒற்றைக் கதவைப் பொருத்துகிறது. மருத்துவத்துக்கு நீட்; மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு. 2017இல் அரியலூர் மாவட்டத்து அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். கூலித் தொழிலாளியின் மகள். தமிழ் வழியில் படித்தவர். அந்தச் சான்றிதழ் வாசலில் செல்லவில்லை. அந்த இளம் உயிரை நாம் இழந்தோம். பள்ளியில் பன்மை, வாசலில் ஒருமை என்றால், அப்பன்மை எதற்கு? பல வழியில் நடக்கவிட்டு ஒரே ஊசிக்காதில் நுழையச் சொன்னால், பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட வல்லவனே நுழைவான். சான்றிதழை ஆளுக்கேற்ப அமைக்க உண்மையாகவே விரும்புவோர், அச்சான்றிதழ் வாசலில் மதிக்கப்படும் என்பதை முதலில் உறுதி செய்யட்டும்.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே பாடப்பிரிவுகளும் வந்தன, தொழிற்பிரிவும் வந்தது. ஆளுக்கேற்ற படிப்பு என்று அன்றும் சொன்னோம். தொழிற்பிரிவில் சேர்ந்தோர்க்கு மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கவில்லை. பொறியியலில் ஒரு சிறு ஒதுக்கீடு மட்டுமே கிடைத்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் குறைந்தவனைத் தள்ளிவிடும் மூலையாகவே பல இடங்களில் அது கருதப்பட்டது. மதிப்பில்லாத பாதையைத் திறந்துவைத்துவிட்டு, "தெரிவு தந்தோம்" என்று மார்தட்டுவது எவர் செய்தாலும் தவறே.

நன்றாகச் செய்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. காது கேளாத பிள்ளைக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு, பார்வையற்ற பிள்ளைக்குச் சொல்வதை எழுதுவோர், எழுதக் கூடுதல் நேரம் என்று நம் பொதுத் தேர்வுகளில் வழங்கும் சலுகைகளைப் பாருங்கள். அங்கே அளவெடுத்தது குழந்தையின் உண்மையான தேவையை. சான்றிதழின் மதிப்போ ஒரு துளியும் குறையவில்லை. ஆளுக்கேற்ற தகுதி என்பதன் செம்மையான பொருள் இதுதான்.

கல்பாக்கத்துக்கு வடக்கே மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிக் கூடம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக நிற்கிறது. உளியைப் பரம்பரை மட்டுமே கையாண்ட காலம் போய், மேல்நிலைப் படிப்பை முடித்த எவரும் விண்ணப்பித்துப் பட்டம் பெறும் காலம் அங்கே வந்தது. அதற்கு நேர் எதிராக, 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தை வைத்துப் பாருங்கள். படகு கட்டல், வலை பின்னல், கல் செதுக்கல் முதலிய 18 தொழில்கள், வயது 18, குடும்பத் தொழில் என்னும் அடையாளம். பள்ளியை முடித்துக் கல்லூரியை நோக்கி நிற்கிற அதே வயதில், "அப்பன் தொழிலுக்கு வா, கடன் தருகிறேன்" என்கிற அழைப்பு! குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குக, வயதை 35 ஆக்குக என்று தமிழ்நாடு அரசு கேட்டது. 2024இல் அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. 2025இல் குலம் கேளாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. இரண்டிலும் கைத்தொழில்தான், ஒன்று பிறப்பைக் கேட்கிறது, மற்றது விருப்பத்தைக் கேட்கிறது.

அதே கடற்கரையில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சு அங்கே எடுக்கப்படுகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு மலைப்பாம்பு பிடித்துக் காட்டினர். 2023இல் பத்மசிறீ பெற்றனர். அந்த அறிவுக்கு ஒரு பள்ளியும் மதிப்பெண் தந்ததில்லை. இருளர் சிறுமிக்கு ஏற்ற கல்வி எது? "நீ பாம்பு பிடி" என்பதன்று. அவள் விரும்பினால் அவ்வறிவு விலங்கியல் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணாக வேண்டும். விரும்பாவிட்டால் கல்பாக்கத்து அணு உலையில் பொறியாளராகவும் அவளுக்கு வழி இருக்கவேண்டும்.

உலகம் கற்ற பாடமும் இதுவே. செருமனியின் பெரும்பாலான மாநிலங்கள் பத்து வயதிலேயே குழந்தைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்தன. 2000ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டில், குடும்ப நிலை குழந்தையின் தேர்ச்சியை மிக இறுக்கமாகப் பிணைத்த நாடுகளுள் ஒன்றாக அது தலைகுனிந்தது. பின்லாந்து அத்தகைய பிரிவினையை 1970களில் ஒழித்தது. அங்கே பதினாறு வயதுவரை எல்லோர்க்கும் பொதுப் பள்ளி. அதன் பின்னரே பாடத் தெரிவு, தொழிற்கல்வி, இருநிலைக் கணக்கு எல்லாம். தொழிற்கல்வியை முடித்தவரும் உயர்கல்விக்குச் செல்லலாம். பொதுமை முதலில், பன்மை பின்னர், பூட்டு எங்குமில்லை!

"2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் கொண்டுவந்தவர்கள், நான்கு வாரியங்களை ஒன்றாக்கியவர்கள், இப்போது பன்மை பேசலாமா?" என்று சிலர் மடக்குவர். தாராளமாகப் பேசலாம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய சமச்சீர் என்பது எல்லோரும் ஒரே அடியில் நடப்பதன்று. எல்லோர்க்கும் ஒரே சாலை கிடைப்பது. சாலை பொதுவான பிறகுதான் நடையின் வேகத்தை அவரவர் தெரிந்துகொள்ள முடியும். தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை நீக்கியது இத்திசையில் ஓர் எட்டு. எட்டு ஒன்று போதாது, நடை தொடரவேண்டும்.

ஆகவே இளைஞர்களே, மன்றங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு வரை எல்லோர்க்கும் ஒரே தரமான படிப்பு. அதன்பின் தெரிவு மாணவரின் கையில். தெரிவுக்கு முன் வழிகாட்ட ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஓர் ஆள். எந்தப் பாதையிலிருந்தும் மற்றப் பாதைக்கு மாற ஒரு பாலம். பாலத்தைக் கடக்க உதவித் தொகை. எந்தப் பாதையில் பெற்ற சான்றிதழுக்கும் உயர்கல்வி வாசலில் மதிப்பு. இவை அனைத்தும் இருந்தால் ஆளுக்கேற்ற சான்றிதழை முதலில் வரவேற்போர் நாமாகவே இருப்போம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், 1954இல் புதைத்தது மக்கிவிடவில்லை, புதுச்சட்டை போட்டு எழுந்து வந்திருக்கிறது என்றே கொள்வோம். அன்று எதிர்த்தது போலவே இன்றும் எதிர்ப்போம்.