பள்ளத்தாக்கும் ஏணியும்: வேல்ஸ் சுரங்க வாழ்வின் இரு நாவல்கள்

தென்வேல்ஸின் பள்ளத்தாக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரியினால் உருமாறின. ஆடு மேய்ந்த மலைச்சரிவுகளிலே சுரங்கத் தொழிலாளரின் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1913ஆம் ஆண்டில் அப்பிரதேசத்தின் உற்பத்தி 5 கோடி 60 இலட்சம் தொன்னைத் தாண்டி உச்சநிலை எய்தியது. அதே ஆண்டிலேதான் செங்கெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர் மாண்டனர். இவ்விரு எண்களையும் ஒருங்கே நோக்குவோர்க்கே அம்மக்களின் அன்றாட வாழ்வும், அதனின்றும் உயர விழைந்த அவர்தம் வேட்கையும் விளங்கும்.

இவ்வாழ்வைச் சித்திரித்த நாவல்களுள் ரிச்சர்ட் லுவெலின் 1939இல் வெளியிட்ட 'ஹவ் கிறீன் வாஸ் மை வலி' உலகப் புகழ் பெற்றது. ஜோன் ஃபோர்ட் 1941இல் அதனைத் திரைப்படமாக்கினார். அதற்கு முன்னரே, 1937இல், றொந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளியும் பொதுவுடைமையாளருமான லூயிஸ் ஜோன்ஸ் 'கூம்ஆடி' என்னும் நாவலை எழுதியிருந்தார். அஃது அத்துணைப் புகழ் பெறவில்லை. லுவெலின் உண்மையில் லண்டனிற் பிறந்தவர் என்பது அவரது மறைவின் பின் வெளியாயிற்று. ஆயினும் பிறப்பிடத்தைக் கொண்டு படைப்பை அளத்தல் விமர்சனமாகாது. படைப்பு எதனைக் காண்கிறது, எதனைக் காண மறுக்கிறது என்பதே வினா.

அன்றாட நிகழ்வுகளைக் கண்முன் நிறுத்துவதில் லுவெலின் வல்லவர். கூலி நாளன்று ஆடவர் தம் ஊதியத்தைத் தாயின் மடியிற் சொரியும் காட்சி வெறும் அலங்காரமன்று. நிலத்தடி உழைப்பு குடும்பமாக மாறும் விதத்தை அது காட்டுகிறது. கதைசொல்லியான ஹியூ கல்வியால் உயரவேண்டும் என்பது தந்தையின் அவா. ஆனால் அவன் பயிலும் பாடசாலையிலோ வேல்ஸ் மொழி பேசியமைக்காக ஒரு சிறுமியின் கழுத்திற் பலகை தொங்கவிடப்படுகிறது. மேலேற உதவும் ஏணி தாய்மொழியையே விலையாகக் கேட்பதை இதனினும் கூர்மையாக உணர்த்துதல் அரிது.

ஆயினும் வீழ்ச்சிக்குக் காரணம் வினவவேண்டிய இடத்தில் ஆசிரியர் இரங்கலோடு நின்றுவிடுகிறார். வீட்டை நெருக்கும் சுரங்கக் கழிவுமேடு ஊழ்போலவே வளர்கிறது. அஃது ஊழன்று என்பதை வரலாறு பின்னர் நிறுவியது. 1966 ஒக்ரோபர் 21இல் அபர்வானில் அத்தகைய மேடு சரிந்து 116 சிறுவர் உட்பட 144 பேரைப் பலிகொண்டது. விசாரணை மன்று தேசிய நிலக்கரிச் சபையையே பொறுப்பாளியாக்கியது.

'கூம்ஆடி'யின் நாயகன் லென் ரொபேர்ட்சும் கற்கிறான். ஆனால் பள்ளத்தாக்கை விட்டகல்வதற்காக அன்று, அதனை மாற்றுவதற்காக. அவனது வேட்கை தனியொருவனின் உயர்வாகாமல் ஒரு வர்க்கத்தின் எழுச்சியாகிறது. இந்நோக்கு லுவெலினினும் விரிந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஆசிரியரின் மறைவுக்குப்பின் 1939இல் வெளிவந்த 'வீ லிவ்' என்னும் தொடர்ச்சியில், பாத்திரங்கள் பலவிடத்தும் மேடைப் பேச்சாளராகி விடுகின்றனர். லென்னின் தாய் ஷான் மட்டும் கருத்தின் நிழல் படியாத உயிருள்ள மனுஷியாக நிற்கிறாள். மேலும், சுரங்கங்கள் 1947இல் அரசுடைமையான பின்னரே அபர்வான் நிகழ்ந்தது. உடைமை கைமாறுவது மட்டுமே போதாது என்னும் இவ்வுண்மை ஜோன்ஸின் நம்பிக்கையையும் சோதிக்கிறது.

லுவெலினிடம் வாழ்வின் நுணுக்கம் உண்டு. காரணம் தேடும் துணிவு இல்லை. ஜோன்ஸிடம் அத்துணிவு உண்டு. நுணுக்கம் இடையிடையே தளர்கிறது. ஒரு நாவல் ஏணியில் ஏறுபவனின் இழப்பைப் பேசுகிறது. மற்றது ஏணியே கிட்டாதவரின் உரிமையைப் பேசுகிறது. கல்வியை ஏணியாகக் கொண்ட நாம் இரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும். முதலாவதை மட்டும் கற்பின் நமக்கு எஞ்சுவது ஏக்கமே. இரண்டாவதை மட்டும் கற்பின் எஞ்சுவது முழக்கமே.