திரையில் விடுபட்ட பவளப்பாறை

கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடந்தது என்று சொன்னால், கட்டுக்கதை என்றே நினைப்பீர்கள். ஆனால் 2009 அக்டோபர் 17 அன்று மாலத்தீவில் அது உண்மையாகவே நடந்தது. குடியரசுத் தலைவர் முகமது நஷீதும் அவருடைய அமைச்சர்களும் முக்குளிக்கும் உடையணிந்து கடலடியில் அமர்ந்தார்கள். கரியமில வாயுவைக் குறைக்குமாறு உலக நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் ஆவணத்தில் அங்கேயே கையொப்பமிட்டார்கள். அந்தத் தலைவரின் முதல் ஆண்டு ஆட்சியைப் பின்தொடர்ந்து ஜான் ஷென்க் இயக்கிய விவரணப் படம்தான் 2011-இல் வெளிவந்த 'தி ஐலண்ட் பிரசிடென்ட்'.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் நகரில் நடந்த தட்பவெப்ப மாநாட்டில், ஒரு சிறு நாடு பெரிய நாடுகளிடையே எப்படி வாதாடியது என்பதை இப்படம் அருகிலிருந்து காட்டுகிறது. குற்றம் செய்தவர் ஒருவர், தண்டனை பெறுபவர் வேறொருவர் என்ற அநீதி பார்ப்பவர் மனத்தில் ஆழப் பதிகிறது. இதற்காகவே இப்படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் விஞ்ஞானம் பயில்பவர் இதனுடன் நிறைவடைந்துவிடக் கூடாது. படம் நம் மனத்தில் விட்டுச் செல்லும் சித்திரம் எது? தொட்டியில் நீர் ஏறுகிறது. அதில் கிடக்கும் கல் மூழ்குகிறது. மாலத்தீவு அப்படிப்பட்ட கல்லா?

இல்லை. அங்குள்ள ஏறத்தாழ 1,200 தீவுகளும் உயிர்கள் கட்டிய தீவுகள். பவளப் பூச்சிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு கூடு கட்டுகின்றன. அந்தக் கூடுகள் சேர்ந்து பாறையாகின்றன. பாறை நொறுங்கி மணலாகிறது. மணலை அலை ஒதுக்கித் தீவாக்குகிறது. கிளிமீன் பவளப் பாறையைக் கொறித்து, சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. வக்காரு என்ற மாலத்தீவுத் தீவில் நடந்த ஆய்வு ஒன்று, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களின் உழைப்பே என்று 2015-இல் கூறியது. திரையில் நீல வளையங்களாக அழகு காட்டும் பவளப் பாறை, இப்படி ஓயாமல் இயங்கும் ஒரு தொழிற்சாலை என்பதை அறிய இப்படம் போதாது.

பாறையின் இரண்டாவது வேலை காவல். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆழமற்ற பாறைத்தளத்தின் மேல் வரும் அலை, அங்குள்ள நீரின் ஆழத்துக்கேற்ற உயரத்தில்தான் நிற்க முடியும், மிஞ்சினால் உடைந்துவிடும். பவளத் திட்டுகள் சராசரியாக அலையாற்றலில் 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன என்று 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. பாறைத்தளத்தை வெட்டி, ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டு மீட்டராக்கினால் என்ன ஆகும்? அலை இருமடங்கு உயரத்துடன் கரையை நெருங்கலாம்; அதன் ஆற்றலோ நான்கு மடங்கு.

இனி மாலே நகரைப் பாருங்கள். நிலப்பரப்பைப் பெருக்குவதற்காகத் தீவைச் சுற்றியிருந்த பாறைத்தளத்தின் மேலேயே மண் கொட்டி நிரப்பினார்கள். அலை உடைய வேண்டிய இடம் ஊராக மாறியது. 1987 ஏப்ரலில் பேரலைகள் புகுந்து நகரைச் சேதப்படுத்தின. பிறகு ஜப்பானின் உதவியுடன் கான்கிரீட் கட்டைகளால் அலைத்தடுப்பு எழுப்பப்பட்டது. இலவசமாகக் காவல் காத்ததை இழந்து, பெரும் பொருள் செலவிட்டுக் காவல் தேட வேண்டியதாயிற்று. கட்டடங்களுக்காகப் பவளக்கல் தோண்டியதும் இத்தகையதே. தோண்டிய இடத்தில் எஞ்சும் துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால், இளம் பவளம் அவற்றில் பற்றி வளர முடிவதில்லை. நம் மன்னார் வளைகுடாவிலும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போனதற்குப் பவளக்கல் தோண்டியது ஒரு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

'கடல் சூடானால் பவளமே வெளுத்துச் சாகுமே. உள்ளூர்க் காவலால் என்ன பயன்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1998-இலும் 2016-இலும் மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அந்த வெப்பத்தைத் தடுக்க மாலேயில் போடும் எந்தச் சட்டத்தாலும் இயலாது. ஆகவே நஷீத் உலக அரங்கில் வாதாடியது சரியே. ஆனால் வெளுத்த பாறை மீள வேண்டுமானால் தெளிந்த நீரும், பாசியை மேயும் மீன்களும், அசையாத தளமும் வேண்டும். தூர்வாரிய சேறு மூடிய பாறைக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை.

பசிபிக்கில் 27 தீவுகளை ஆராய்ந்த வெப், கென்ச் என்னும் இருவர், கடல் மட்டம் உயர்ந்த பல பத்தாண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை பரப்பில் குறையவில்லை, சில வளர்ந்தும் உள்ளன என்று 2010-இல் எழுதினார்கள். இதனால் அபாயம் இல்லை என்று பொருளாகாது. மணல் தரும் பாறை உயிரோடு இருக்கும்வரை தீவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழி இருக்கிறது என்பதே பொருள்.

படத்தின் குறை இங்கேதான். தீவு எப்படியும் மூழ்கிவிடும் என்ற எண்ணம் வேரூன்றினால், 'போகிற தீவுக்குப் பாறை எதற்கு?' என்று தூர்வாரும் இயந்திரத்தை ஓட்டுவது எளிதாகிவிடும். படத்தைப் பாருங்கள், கோபன்ஹேகன் அறைகளில் நடந்ததைக் கவனியுங்கள். கூடவே, அந்த அறைகளுக்கு வெளியே, தீவுக்காரர் தம் கையாலேயே காக்கக்கூடியது எது என்றும் கேளுங்கள்.